கெண்டைக் குளத்தில் ஆன்டிபயாடிக்: மீனுக்குள் எவ்வளவு போகிறது, எப்போது வெளியேறுகிறது?

டெல்டா_கெண்டை

வணக்கம். ஒரு ஏக்கர் குளம், கட்லா, ரோகு, மிர்கால் கூட்டு வளர்ப்பு. சராசரி எடை 500 கிராம், இருப்பு 4,000 மீன் என்று கணக்கு. செதிலடியில் ரத்தத் திட்டு, சில மீன்களுக்கு வயிறு உப்பல், ஆசனவாய் சிவப்பு. ஆய்வக முடிவு ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியா. ஆக்ஸிடெட்ராசைக்ளின் பொடியைத் தீவனத்தில் கலந்து பத்து நாள் கொடுத்துவிட்டு, 21 நாள் கழித்துப் பிடிக்கலாம் என்று மருந்துக் கடையில் சொல்கிறார்கள். கொடுக்கிற மருந்தில் எவ்வளவு மீனின் உடம்பில் சேரும்? இந்த 21 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது? நீரின் வெப்பம் காலையில் 27, மாலையில் 31 டிகிரி.

மருந்தியல்_மேசை

முதலில் 21 நாள். அது அமெரிக்காவில் கெளுத்தி வகை, சால்மன் வகை மீன்களுக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின் தீவன மருந்தின் லேபிளில் உள்ள விலக்குக் காலம், அதாவது மருந்து நிறுத்திய பின் மீனைப் பிடிக்காமல் காத்திருக்க வேண்டிய காலம். நாளொன்றுக்குக் கிலோ மீனுக்குச் சுமார் 55 முதல் 83 மி.கி. வரை, 10 நாள் கொடுப்பதற்கு வகுத்தது. கெண்டைக்கோ நம் ஊர் நீருக்கோ வகுத்ததில்லை. எண் மட்டும் கடை கடையாக நகர்ந்து வந்துவிட்டது.

இனி முதல் கேள்வி. சாதாரணக் கெண்டையில் 20 டிகிரி நீரில் செய்து 1987-இல் வெளியான ஆய்வில், வாய்வழி கொடுத்த ஆக்ஸிடெட்ராசைக்ளினில் ரத்தத்துக்குப் போனது சுமார் 0.6 சதவீதம். அதே மருந்தைத் தசையில் ஊசியாகப் போட்டபோது 80 சதவீதம் போல. ரோகுவும் கட்லாவும் வேறு இனங்கள்தான், ஆனால் அதே குடும்பம், அவற்றுக்கும் இரைப்பை கிடையாது. எண் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், படம் மாறாது.

உங்கள் குளத்துக்குப் போட்டுப் பாருங்கள். 4,000 × 0.5 = 2,000 கிலோ மீன். கிலோவுக்கு 75 மி.கி. என்றால் ஒரு நாளைக்கு 150 கிராம் மருந்து. அதில் 0.6 சதவீதம் 0.9 கிராம். மீதி 149 கிராம் தினமும் சாணத்தோடும் கரைந்தும் குளத்தடிக்குப் போகிறது. பத்து நாளில் ஒன்றரைக் கிலோ வாங்கிப் போட்டால் ஏறத்தாழ அவ்வளவும் சேற்றுக்குத்தான். நான் இதை எண்ணாகச் சொல்வதற்குக் காரணம், "மருந்து கொடுத்தோம்" என்பதும் "மருந்து மீனுக்குப் போனது" என்பதும் கெண்டையில் இவ்வளவு தள்ளி நிற்கின்றன.

காரணம் இரண்டு. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கால்சியம், மக்னீசியம், இரும்பு எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்ட கூட்டு குடல் சுவரைத் தாண்டாது. தீவனத்தில் டைகால்சியம் பாஸ்பேட், தாது உப்புக் கலவை, மீன்தூளில் எலும்பு என்று எல்லாமே அந்த உலோகங்கள். இரண்டாவது, கெண்டைக்கு இரைப்பையே கிடையாது. உணவு நேரே குடலுக்குப் போகிறது, அமிலக் கட்டமே இல்லை. நடுநிலை அல்லது காரமான குடல்நீரில் இந்தப் பிணைப்பு நன்றாக இறுகும். இரைப்பை இருந்தால் மட்டும் தப்பிவிடலாம் என்றும் இல்லை. இரைப்பை உள்ள டிரவுட் மீனிலேயே சுமார் 5, 6 சதவீதம்தான் உறிஞ்சப்படுகிறது.

டெல்டா_கெண்டை

சார், அப்படியென்றால் இதைக் கொடுத்தவர்களுக்குச் சாவு குறைகிறதே, எப்படி?

மருந்தியல்_மேசை

மூன்று வழிகளில். ஒன்று, குடலுக்குள்ளேயே இருக்கும் பாக்டீரியாவுக்கு மருந்தின் அடர்வு மிக அதிகம், அங்கே வேலை நடக்கிறது. இரண்டு, பாக்டீரியா ரொம்ப எளிதில் மடியும் ரகமாக இருந்தால் ரத்தத்தில் உள்ள சொற்ப அளவே போதும். மூன்று, மருந்து போடும் அதே வாரத்தில் தண்ணீர் மாற்றுவார்கள், சுண்ணாம்பு போடுவார்கள், தீவனத்தைக் குறைப்பார்கள். ஏரோமோனாஸ் சேற்றிலும் நீரிலும் எப்போதும் இருக்கிற கிருமி. அம்மோனியா, குறைந்த ஆக்சிஜன், நெரிசல் இவற்றால் மீன் தளரும்போதுதான் ஏறிக்கொள்கிறது. அந்த நெருக்கடி தணிந்தாலே சாவு குறையும், பெயர் மருந்துக்குப் போகும்.

ஆய்வக அறிக்கையில் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற வட்டுச் சோதனை இருக்கிறதா? இல்லையென்றால் அதை முதலில் கேட்டு வாங்குங்கள். டெட்ராசைக்ளினுக்குக் கட்டுப்படாத ஏரோமோனாஸ் அரிதில்லை.

அறிகுறியை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் போடுவதைப் பற்றி ஒன்று. ஆழமான புண்ணாக வரும் இ.யூ.எஸ். நோய்க்கு மூலம் அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சை போன்ற உயிரி. செதிலில் ரத்தப் புள்ளிக்கு மீன் பேனும் காரணமாக இருக்கும். இரண்டையும் ஆன்டிபயாடிக் தொடாது.

தீவனக்_கலவை

கலக்கும் விதத்தில்தான் பாதிப் பிழை நடக்கிறது, அதைச் சொல்கிறேன்.

அளவு எப்போதும் மீன் எடைக்கு. "டன் தீவனத்துக்கு இவ்வளவு" என்று பையில் எழுதியிருப்பதைப் பின்பற்றினால் ஏமாற்றம்தான். மேலே உள்ள குளத்தில் தீவனம் மீன் எடையில் 2 சதவீதம் என்றால் நாளைக்கு 40 கிலோ. நோய் வந்த குளம் அவ்வளவு தின்னாது, 1 சதவீதமே தின்றால் 20 கிலோ. 150 கிராம் மருந்தும் அந்த 20 கிலோவில் ஏற வேண்டும், அதாவது கிலோ தீவனத்துக்கு 7.5 கிராம். 40 கிலோவுக்குக் கலந்து 20 கிலோ மட்டும் தின்றால் மீனுக்குக் கிடைத்தது பாதி. பாதி அளவு என்பது எதிர்ப்புச் சக்தி உள்ள கிருமியைப் பொறுக்கி வளர்க்கிற அளவு.

பொடியில் மூல மருந்து எத்தனை சதவீதம் என்று லேபிளில் பாருங்கள். 10 சதவீதப் பொடி என்றால் 150 கிராம் மருந்துக்கு ஒன்றரைக் கிலோ பொடி வேண்டும். இந்த இடத்தில் தசமப் புள்ளி நழுவிப் பத்து மடங்கு கூடவோ குறையவோ போவது சகஜம். கணக்கை இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டுச் சரிபாருங்கள்.

பூசும் முறை: மிதக்கும் குருணைத் தீவனத்தைத் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, மருந்தைக் கொஞ்சம் எண்ணெயில் குழைத்துத் தெளித்துப் புரட்ட வேண்டும். பிறகு மீதி எண்ணெயை மேல்பூச்சாக. மொத்த எண்ணெய் தீவன எடையில் 2 முதல் 3 சதவீதம். மீன் எண்ணெய் நல்லது, இல்லாவிட்டால் சமையல் எண்ணெய். அரை மணி நேரம் நிழலில் ஆற விடுங்கள். வெயிலில் காயவைத்தால் ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஒளியிலேயே சிதையும். அன்றன்று கலந்து அன்றே போட்டு முடித்துவிட வேண்டும். வெறும் தண்ணீரில் கரைத்துத் தெளித்த தீவனம் குளத்தில் விழுந்த சில நிமிடங்களிலேயே மருந்தை விட்டுவிடும், ஹைட்ரோகுளோரைடு வடிவம் நீரில் அவ்வளவு எளிதாகக் கரையும்.

அந்தப் பத்து நாளும் தாது உப்புக் கலவையைத் தீவனத்தில் தனியாகச் சேர்க்க வேண்டாம். கால்சியம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு மருந்து வீண்.

போடும் நேரம் காலை ஒன்பது மணிக்கு மேல், ஆக்சிஜன் ஏறிய பிறகு. விடியலில் மூச்சுக்குத் தவிக்கும் மீன் தின்னாது. முதல் தீவனம் மருந்துத் தீவனமாக இருக்கட்டும், முழுவதும் தின்ற பிறகு தேவையானால் சாதாரணத் தீவனம்.

கொல்லேறு_பக்கம்

ஆந்திராவில் கொல்லேறு சுற்றுவட்டத்தில் கெண்டைக்குப் பை முறையில் தீவனம் கொடுப்பதுதான் பெருவழக்கம். உரச் சாக்கில் வரிசையாக ஓட்டை போட்டு, தவிடும் புண்ணாக்கும் நிரப்பி, கம்பத்தில் கட்டிவிடுவார்கள், மீன் வந்து ஓட்டையில் இடித்து இடித்துத் தின்னும். இந்தப் பையில் மருந்துப் பொடியைக் கலந்து போடுவதைப் பார்க்கிறோம். தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் நீரில் ஊறும் தூள் தீவனத்தில் மருந்து நிற்காது, கரைந்து பையைச் சுற்றிய நீரில்தான் இருக்கும். தவிட்டில் உள்ள பைட்டேட் என்ற பாஸ்பரஸ் சேர்மமும் தாதுக்களும் வேறு. இன்னொரு விஷயம், பைக்கு முதலில் வருவது பெரிய, திடமான மீன். நோயாளி மீன் கரையோரம் ஒதுங்கி நிற்கும், அதற்கு ஒரு வாய் கூடப் போகாது.

மருந்தியல்_மேசை

கடைசி வரி எந்த முறைக்கும் பொருந்தும். பசி போவதுதான் நோயின் முதல் அடையாளம். ஆகவே தீவன மருந்து என்பது இன்னும் நோய் முற்றாத மீன்களைக் காப்பாற்றும் முறை. மேலே மிதந்து தள்ளாடும் மீனுக்கு அது இல்லை. அவற்றை வலையால் அள்ளி அப்புறப்படுத்திச் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள், கிருமிச் சுமை குறையும். நிறைய தின்ற மீன் எது என்பது எச்சக் கணக்கிலும், அதாவது மீனில் மிஞ்சும் மருந்தின் கணக்கிலும் திரும்ப வரும், அதை எச்சம்_அளப்பவர் சொன்னால் நன்றாக இருக்கும்.

திலேப்பியா_தொட்டி

பயோஃப்ளாக் தொட்டியில் (நீரிலேயே பாக்டீரியாத் திரளை வளர்த்துக் கழிவைச் சுத்தம் செய்யும் முறை) கிஃப்ட் ரகத் திலேப்பியா. கண் பிதுங்கல், சுழன்று நீந்துதல், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று அறிக்கை. தீவனம் தின்னவில்லை என்பதால் ஆக்ஸிடெட்ராசைக்ளினைத் தண்ணீரிலேயே கரைத்துவிடலாமா? ஃப்ளோர்ஃபெனிகால் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் பற்றியும் சொல்லுங்கள்.

மருந்தியல்_மேசை

தண்ணீரில் கரைப்பது வேண்டாம். நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதே மிகக் குறைவு. அதன் உடல் உப்பு வெளி நீரைவிடக் கூடுதல், நீர் தானாகவே செவுள் வழியே உள்ளே வந்துகொண்டிருக்கும், அதை ஏராளமான நீர்த்த சிறுநீராகத் தள்ளிக்கொண்டே இருக்கும். கடல் மீன் போல நீரோடு மருந்தையும் விழுங்காது. மிச்ச வழி செவுளும் தோலும். நம் ஆழ்குழாய் நீர் பல இடங்களில் லிட்டருக்கு 300 மி.கி.க்கு மேல் கடினத்தன்மை உள்ளது. அந்தக் கால்சியம் முழுவதும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், செவுள் தாண்டாது. தொட்டி நீர் மஞ்சளாகி, பிறகு வெளிச்சத்தில் பழுப்பாகும், அவ்வளவே. பயோஃப்ளாக்கில் இன்னும் மோசம்: அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவும் அடிபட்டு, ஓரிரு நாளில் அம்மோனியா, நைட்ரைட் ஏறி, நோயில் பிழைத்தது அதில் போகும்.

ஃப்ளோர்ஃபெனிகால் முற்றிலும் வேறு வகை. உலோகங்களோடு பிணையாது, கொழுப்பில் ஓரளவு கரையும், சவ்வுகளைத் தாண்டும். அட்லாண்டிக் சால்மனில் வாய்வழி கொடுத்ததில் 96 சதவீதம் போல உடலுக்குக் கிடைத்ததாக 1993-இல் அளந்திருக்கிறார்கள். 0.6-க்கும் 96-க்கும் உள்ள தூரம் டோஸிலேயே தெரியும்: ஆக்ஸிடெட்ராசைக்ளின் கிலோவுக்கு 75 மி.கி., ஃப்ளோர்ஃபெனிகால் 10 முதல் 15 மி.கி., அதுவும் 10 நாள்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மூளைக்கும் கண்ணுக்கும் போய் உட்காரும் கிருமி. அந்த இடங்களுக்குள் நுழையும் மருந்துதான் பயன்படும், ஆக்ஸிடெட்ராசைக்ளின் அங்கே சொற்பமாகவே போகிறது.

டெல்டா_கெண்டை குளத்தின் அளவுக்கு இதே கணக்கு: 2,000 கிலோ × 10 மி.கி. = 20 கிராம். 10 சதவீதப் பொடியானால் 200 கிராம், 50 சதவீதப் பொடியானால் 40 கிராம். நீரில் கரைவது குறைவு என்பதால் எண்ணெய்ப் பூச்சில் நன்றாக நிற்கும்.

கல்லீரல் இதை ஃப்ளோர்ஃபெனிகால் அமீன் என்ற பொருளாக மாற்றும். கிருமியைக் கொல்லும் திறன் அதற்கு இல்லை, ஆனால் உடலில் நீண்ட நேரம் நிற்பது அதுதான். எச்சம் அளக்கும்போது அதையே அளக்கிறார்கள். ஐரோப்பிய வரம்பு தசையும் தோலும் சேர்ந்து கிலோவுக்கு 1,000 மைக்ரோகிராம். மூல மருந்தை மட்டும் சோதித்து "ஒன்றுமில்லை" என்று தரும் அறிக்கையை நம்ப வேண்டாம். அமெரிக்க லேபிளில் விலக்குக் காலம் 15 நாள். வெதுவெதுப்பான நீரில் அரை ஆயுள் (உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறையும் நேரம்) ஒரு நாளுக்குள்தான் என்றாலும் அந்த 15 நாள் வைத்திருப்பதில் பொருள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. இது நன்றாக வேலை செய்கிறது என்பதாலேயே முதல் சாவுக்கே இதை எடுக்கும் பழக்கம் பரவுகிறது. எதிர்ப்பு மரபணு ஏற்கெனவே நீர்வாழ் பாக்டீரியாக்களில் இருக்கிறது. மீன்வள நோயியல் அறிந்தவரின் எழுத்துப் பரிந்துரையும் வட்டுச் சோதனையும் இல்லாமல் இதைத் தொடக்கூடாது.

எச்சம்_அளப்பவர்

வெளியேற்றத்துக்கு வருகிறேன். இங்கேதான் எல்லாரும் ஒரு நாள் எண்ணைக் கேட்கிறார்கள், அந்த எண் இரண்டு விஷயங்களால் ஆனது: தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது, பாதியாகக் குறைய எத்தனை நாள். இரண்டாவதுதான் பெரியது.

ஆக்ஸிடெட்ராசைக்ளின் உடலில் அதிகம் சிதைவதில்லை, பெரும்பாலும் அப்படியே சிறுநீரகம், பித்தம் வழியாக வெளியேறுகிறது. முன்னே சொன்ன கெண்டை ஆய்வில் ரத்தத்தில் செலுத்தியபின் அரை ஆயுள் 20 டிகிரியில் ஏறத்தாழ 140 மணி, ஆறு நாளுக்குச் சற்றுக் குறைவு. ஒரு டிகிரிக்கு வெளியேற்ற வேகம் சுமார் 10 சதவீதம் மாறும் என்ற பழைய கைக்கணக்கு உண்டு. அதன்படி 24 டிகிரியில் 4 நாள், 29 டிகிரியில் இரண்டரை நாள் என்று வரும். இது மதிப்பீடுதான், அளவீடு இல்லை.

நம் நாட்டில் 2011 உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை மீனுக்கு வைத்த ஆக்ஸிடெட்ராசைக்ளின் வரம்பு கிலோவுக்கு 0.1 மி.கி. மருந்து நிறுத்திய நாளில் சதையில் 1.6 மி.கி. இருந்தது என்று வைப்போம். 1.6, 0.8, 0.4, 0.2, 0.1. நான்கு அரை ஆயுள். 29 டிகிரியில் 10 நாள், 24 டிகிரியில் 16 நாள். இப்போது டோஸ் தவறிப் போனதாகப் பாருங்கள்: பிழைப்பு 90 சதவீதம் என்று நினைத்து மருந்து போட்டீர்கள், உண்மையில் 60 சதவீதம்தான் உயிரோடிருக்கிறது. ஒவ்வொரு மீனுக்கும் ஒன்றரை மடங்கு போயிருக்கும். அதனால் கூடுவது 0.6 அரை ஆயுள்தான், 29 டிகிரியில் ஒன்றரை நாள். ஆனால் மார்கழியில் நீர் ஐந்து டிகிரி இறங்கினால் மொத்தக் காலமும் ஒன்றரை மடங்குக்கு மேல் நீள்கிறது. கோடையில் சரியாக வந்த நாள் கணக்கு குளிர் மாதத்தில் தோற்பதற்கு இதுவே காரணம்.

இதனால்தான் ஐரோப்பாவில், அந்த மீனுக்கென அனுமதி பெறாத மருந்தை மருத்துவர் எழுதினால் நாளில் சொல்லாமல் டிகிரி-நாளில் சொல்கிறார்கள், 2022-இல் விதி மாறும் வரை வழக்கமான எண் 500. தினசரி சராசரி நீர் வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 29 டிகிரியில் 18 நாள், 24 டிகிரியில் 21 நாள், கொடைக்கானல் போன்ற இடத்தில் 15 டிகிரி நீர் என்றால் 34 நாள். வெப்பமானியை மேற்பரப்பில் வைக்காமல் ஒரு மீட்டர் ஆழத்தில் காலை, மாலை இரு வேளை எடுங்கள்.

ஆனால் மேலே போட்ட நான்கு அரை ஆயுள் கணக்கை அப்படியே பிடித்துக்கொண்டு பத்தாம் நாள் வலை இறக்கிவிடாதீர்கள். அது சராசரி மீனுக்கு. அதிகாரப்பூர்வ விலக்குக் காலம் வகுக்கும்போது சராசரியைப் பார்ப்பதில்லை. ஐரோப்பிய முறையில் 95 சதவீத மீன்கள் 95 சதவீத உறுதியோடு வரம்புக்குக் கீழே வரும் நாளைத்தான் எடுக்கிறார்கள். மருந்துத் தீவனத்தை முண்டியடித்துத் தின்ற பெரிய மீன் இரண்டு பங்கு தின்றிருக்கும், சந்தைக்கு முதலில் போவதும் அதுவே.

இன்னொன்று வால் பகுதி. வெளியேற்றம் ஒரே சரிவாக இறங்காது. முதலில் ரத்தமும் சதையும் வேகமாகக் காலியாகும், பிறகு சிறுநீரகம், தோல், எலும்பு, செதிலிலிருந்து மெதுவாகக் கசியும். டெட்ராசைக்ளின் கால்சியத்தைப் பிடிக்கும் என்று சொன்னோமே, மீனின் எலும்பும் செதிலும் அதே கால்சியம்தான். அங்கே மாதக்கணக்கில் தங்கும். மீன்வள ஆய்வாளர்கள் குஞ்சுகளை அடையாளமிடவே இதைப் பயன்படுத்துகிறார்கள், புற ஊதா ஒளியில் எலும்பில் மஞ்சள் வளையம் தெரியும். ஐரோப்பிய வரம்பைத் தசையும் தோலும் இயற்கையான விகிதத்தில் சேர்த்து அளப்பது இதனால்தான். நம் வீடுகளில் தோலோடு சமைக்கிறோம், தலையைத் தனியாகக் குழம்பு வைக்கிறோம், சின்ன மீனை முள்ளோடு மெல்லுகிறோம். தோலுரித்த துண்டுக்கு வகுத்த நாள் எண்ணை நமக்கு எடுத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் சல்ஃபாடைமெத்தாக்சின்-ஆர்மெட்டோபிரிம் கூட்டு மருந்துக்கு, தோலுரித்து விற்கும் கெளுத்திக்கு 3 நாளும் தோலோடு உண்ணும் சால்மனுக்கு 42 நாளும் வைத்திருப்பதைப் பாருங்கள்.

டெல்டா_கெண்டை

மிக்க நன்றி. மருந்து நிறுத்தியதும் தீவனத்தையும் நிறுத்தித் தண்ணீரை மாற்றினால் சீக்கிரம் வெளியேறுமா?

எச்சம்_அளப்பவர்

தீவனத்தை நிறுத்துவது எதிர்த்திசையில் வேலை செய்யும். பித்தத்தில் மருந்து செறிந்து பித்தப்பையில் தேங்கும். மீன் தின்னும்போதுதான் பித்தப்பை சுருங்கிக் குடலுக்குக் காலியாகும். பட்டினி மீனில் பித்தப்பை உப்பிக்கொண்டே இருக்கும். விலக்குக் காலம் முழுக்க மருந்தில்லாத தீவனம் வழக்கமான அளவில் போக வேண்டும். கடைசி ஒரு நாள் மட்டும், பிடிப்புக்காக நிறுத்தினால் போதும்.

தண்ணீர் மாற்றுவது மீனின் உடம்பிலிருந்து நேரடியாக எதையும் இழுக்காது. ஆக்சிஜன் கூடும், மீன் தின்னும், அவ்வளவு பயன். மருந்து கலந்த நீரை வாய்க்காலில் விடுவது அடுத்த குளக்காரரின் தலையில் ஏற்றுவது. மருந்து கொடுக்கும் நாள்களிலும் அதற்குப் பின் ஒரு வாரமும் மடையைத் திறக்க வேண்டாம்.

மிர்காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது அடிமட்டத்தில் சேற்றையும் மட்கையும் தின்கிற மீன். 149 கிராம் எங்கே போகிறது என்று மேலே எழுதியிருக்கிறாரே, அங்கே. நீரில் வெளிச்சம் பட்டு ஆக்ஸிடெட்ராசைக்ளின் சிதையும், இருட்டான சேற்றுக்குள் வாரக்கணக்கில் நிலைத்து நிற்கும். சேற்றில் களிமண்ணோடு பிணைந்திருப்பதால் மிர்காலின் உடம்பில் ஏறுவது கொஞ்சம்தான். ஆனாலும் மருந்து நிறுத்திய நாளை அந்த மீனுக்கு உண்மையான கடைசி நாளாக எடுக்க முடியாது. கூட்டு வளர்ப்பில் மாதிரி எடுக்கும்போது மிர்கால் கட்டாயம் இருக்க வேண்டும்.

பண்ணை_வாசகன்

என்ரோஃப்ளாக்சசின் கோழிக்குக் கொடுப்பது மீனிலும் நன்றாகக் கேட்கிறது, சீக்கிரம் உறிஞ்சப்படுகிறது என்கிறார்களே?

மருந்தியல்_மேசை

உறிஞ்சப்படுவது உண்மை. உடலில் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாக மாறும், அது மனிதர்களுக்கு நாம் கொடுக்கும் மருந்து. இவை இரண்டும் அடங்கிய ஃப்ளூரோகுவினலோன் குழு முழுவதும் நம் 2011 ஒழுங்குமுறையின் மீன் தடைப் பட்டியலில் இருக்கிறது. குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபுரான்கள், மெட்ரோனிடசோல் வகை, நியோமைசின், நலிடிக்சிக் அமிலம், சல்ஃபாமெத்தாக்சசோல் எல்லாம் அதே பட்டியல். தடை மருந்துக்கு விலக்குக் காலம் என்ற பேச்சே கிடையாது, எந்த நாளிலும் இருக்கக்கூடாது.

நைட்ரோஃபுரானில் ஒரு பொறி உண்டு. மூல மருந்து சில மணி நேரத்தில் உடலில் காணாமல் போகும். அதன் சிதைவுப் பொருள்கள் சதைப் புரதத்தோடு இறுகப் பிணைந்து வாரக்கணக்கில் நிற்கும், சோதனை தேடுவது அவற்றைத்தான். ஐரோப்பாவில் 2022 நவம்பர் முதல் நைட்ரோஃபுரான் சிதைவுப் பொருளுக்கு நடவடிக்கை எல்லை கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், குளோராம்ஃபெனிகாலுக்கு 0.15. வேறு பெயரில், "குடல் டானிக்" என்று வரும் பொடியில் இவை இருந்தாலும் மாட்டிக்கொள்வது பண்ணைதான். உள்ளடக்கம் அச்சிடாத எந்தப் பையையும் வாங்காதீர்கள்.

தீவனக்_கலவை

மருந்தே போடாத குளத்திலும் எச்சம் வர வழி இருக்கிறது. கோழி எருவைக் குளத்துக்கு உரமாகப் போடுகிறோம். கோழிக்குக் கொடுத்த மருந்து அந்த எருவோடு நேரே குளத்துக்கு வருகிறது. குறைந்தது நன்றாக மட்கிய எருவைப் போடுங்கள், பிடிப்புக்கு முந்தைய மாதங்களில் அதுவும் வேண்டாம். மருந்து கலந்த தார்ப்பாய், வாளி, கலவை டிரம் இவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். டிரம்மில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு அடுத்த வாரத் தீவனத்தில் சேர்ந்தால் விலக்குக் காலம் அங்கிருந்து மறுபடி தொடங்குகிறது.

டெல்டா_கெண்டை

வட்டுச் சோதனை வந்துவிட்டது. ஆக்ஸிடெட்ராசைக்ளினுக்குக் கட்டுப்படவில்லை, ஃப்ளோர்ஃபெனிகாலுக்குக் கட்டுப்படுகிறது. சாவு நாளுக்கு நாலைந்து. நோயியல் நிபுணரிடம் பேசிவிட்டுத்தான் அடுத்தது. மருந்து கொடுத்தால் மாதிரியை எப்படி எடுப்பது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

எச்சம்_அளப்பவர்

4,000-இல் நாலைந்து என்றால் முதலில் மூன்று நாள் காற்றூட்டியை இரவில் ஓட்டி, தீவனத்தைப் பாதியாக்கி, அம்மோனியா அளந்து பாருங்கள். சாவு ஏறவில்லை என்றால் மருந்தே தேவைப்படாமல் போகலாம்.

கொடுக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், அதற்கு முன் வீச்சுவலை போட்டு 30 முதல் 50 மீனை எடை பாருங்கள், இனவாரியாக. இருப்புக் கணக்கில் இதுவரை செத்ததைக் கழியுங்கள். தொடங்கிய நாள், முடித்த நாள், பொடியின் பெயர், தொகுதி எண், சதவீதம், தினமும் தின்ற தீவனம், இரு வேளை நீர் வெப்பம் எல்லாம் ஒரே நோட்டில். டிகிரி-நாள் கூட்டலை மருந்து நிறுத்திய மறுநாளிலிருந்து தொடங்குங்கள். 15 நாள், 500 டிகிரி-நாள் இரண்டில் எது தாமதமோ அதுவரை ஒரு மீன் கூட வெளியே போகக்கூடாது, வீட்டுக் குழம்புக்கும்.

பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பு மாதிரி. குளத்தின் மூன்று மூலைகளிலிருந்து, ஒவ்வொரு இனத்திலும் பெரிய மீன்களாகக் குறைந்தது மூன்று எடுங்கள். செதிலை மட்டும் சீவி, தோலோடு முதுகுச் சதையை வெட்டி, இனவாரியாகத் தனித்தனிப் பையில் போடுங்கள். மருந்தைத் தொட்ட கையோ கத்தியோ படக்கூடாது. உடனே ஐஸ், அன்றே அனுப்ப முடியாவிட்டால் மைனஸ் 20 டிகிரி உறைநிலை. என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாகப் பாருங்கள். எலிசா முதல்கட்டச் சலிப்புக்கு மட்டும், முடிவான எண் எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ். கருவியில். விண்ணப்பத்தில் "ஃப்ளோர்ஃபெனிகால், ஃப்ளோர்ஃபெனிகால் அமீன் இரண்டும்" என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் முதலாவதை மட்டும் பார்த்துத் தந்துவிடுவார்கள். மிர்கால் பையில் இனத்தின் பெயரைப் பெரிதாக எழுதி அனுப்புங்கள், முதலில் அந்த முடிவைத்தான் நான் பார்ப்பேன்.